மண் வேறு, மணல் வேறு, கரம்பை வேறு – காண்டிராக்டருக்கு மட்டும் எல்லாம் ஒரே லோடா?

(தென்காசியில் நடந்த கோரிக்கை ஆர்ப்பாட்டத்தில் விவசாயிகள் சங்க ஒன்றியச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே! காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து இந்த வெயிலில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களே! இளைஞர்களே! 

எனக்கு முன்னால் பேசியவர்கள் கோரிக்கைகளை விளக்கமாகச் சொல்லி விட்டார்கள். நான் மேடைப் பேச்சாளன் இல்லை. உங்களை மாதிரி மூணு ஏக்கர் வச்சிக்கிட்டு மழையைப் பார்க்கிற ஆள்தான். இந்த மேசை மேல அஞ்சு பாட்டில் வச்சிருக்கேன். முன்வரிசையில் இருக்கிற அண்ணாச்சி ஒருத்தர், "செயலாளர் என்ன சர்பத் கடை போட்டிருக்காரா?"ன்னு கேட்டாக. சர்பத் இல்ல அண்ணாச்சி. அஞ்சு பாட்டிலிலும் மண்ணுதான். ஏன் கொண்டு வந்தேன்னு சொல்லுதேன்.

நம்ம ஒன்றியத்தில் ஒரு குளம். பேர் வேண்டாம், உங்க எல்லாருக்கும் தெரியும். அங்கே கரம்பை அள்ள அனுமதி கொடுத்தாங்க. சீட்டில் என்ன எழுதியிருக்கு? "வண்டல் மண், விவசாயப் பயன்பாட்டுக்கு." நல்ல விஷயம்தான். ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு டிப்பர் டிப்பரா போகுது. ராத்திரி பதினோரு மணிக்கு எந்த விவசாயி வயலுக்குக் கரம்பை அடிக்கான்? நாங்க எட்டுப் பேர் போய் வண்டியை மறிச்சோம். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தா உள்ளே கரம்பை இல்லை. சிவப்புச் சரளும் மணலும் கலந்து கிடக்கு. அதிகாரி ஒருத்தர் வந்தார். வந்தவர் வண்டியைப் பார்க்கலை, எங்களைப் பார்த்துக் கேட்டார்: "இது வண்டல் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க என்ன ஜியாலஜி படிச்சிருக்கீங்களா?"

வண்டி போயிருச்சு. ஆனா அந்தக் கேள்வி எனக்குள்ளேயே கிடந்தது. அதுக்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கேன். படிச்சவன் சொல்லுகிற பேரும் நமக்குத் தெரியணும். நம்ம பாட்டன் சொன்ன பேரும் மறக்கக் கூடாது. இது எங்கே பிறந்தது, எப்படி வந்ததுன்னு தெரிஞ்சவனை யாரும் ஏமாற்ற முடியாது.

முதல் பாட்டில்: மலை

அந்தா தெரியுதே குற்றாலத்து மலை, நம்ம மண்ணுக்கெல்லாம் அதுதான் தாய்வீடு. அந்தப் பாறைக்குப் புத்தகத்தில் சார்னோகைட், நைஸ் என்றெல்லாம் பேர். 50 கோடி வருசத்துக்கும் மேற்பட்ட பாறை. பூமிக்கு அடியில், பெரிய சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருவானது.

அதைக் கிட்டப் போய்ப் பார்த்தா ஒரே கல்லா இருக்காது. வெள்ளைப் பொட்டு, கறுப்புப் பொட்டு, மங்கலான பொட்டுன்னு பல தினுசாக் கலந்திருக்கும். மூணு சரக்கை மட்டும் ஞாபகம் வச்சிக்கிடுங்க. ஒண்ணு, நாம வெங்கச்சங்கல்னு சொல்லுகிற வெள்ளைக் கல். இங்கிலீஷ்காரன் குவார்ட்ஸ் என்கிறான். இரண்டு, ஃபெல்ஸ்பார். மூணு, இரும்புச் சத்துள்ள கறுப்புக் கனிமங்கள்.

வெயிலில் பாறை விரியும், ராத்திரிக் குளிரில் சுருங்கும். அதனால கீறல் விழும். கீறலில் மழைத் தண்ணி இறங்கும். மழைத் தண்ணி காற்றில் உள்ள கரியமில வாயுவைக் கரைச்சிக்கிட்டு வருவதால் அதில் கொஞ்சம் புளிப்பு உண்டு. இலைச் சருகு மக்கின இடத்தில் அந்தப் புளிப்பு இன்னும் கூடும். அது ஃபெல்ஸ்பாரை மெல்ல மெல்ல அரிச்சுக் களிமண்ணா மாற்றிரும். இரும்பு துருப்பிடிக்கும். நம்ம மண்வெட்டியைத் தோட்டத்தில் போட்டு மறந்தா என்ன நிறம் வருதோ, அந்த நிறம்தான் செவக்காட்டு நிறம். வெங்கச்சங்கலை மட்டும் எந்தப் புளிப்பும் லேசில் அசைக்காது. அது உதிர்ந்து உருண்டு வரும். அதுதான் மணல்.

ஆக, ஒரே பாறைதான். அதில் அரிபட்டுக் கரைஞ்சது களிமண், அரிபடாமல் மிஞ்சினது மணல், துருப்பிடிச்சது சிவப்பு. இதுதான் மொத்தப் பாடம்.

இரண்டாவது பாட்டில்: செவலும் சரளும்

மலையை விட்டு இறங்கினா செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர் பக்கமெல்லாம் மேட்டு நிலத்தில் செவல். ஆனி, ஆடியில் கணவாய் வழியா வருகிற சாரலும், ஐப்பசி, கார்த்திகை மழையும் விழுந்து, தண்ணி தேங்காம இறங்கிப் போகிற சரிவு. சுண்ணாம்பு முதலான சத்தைத் தண்ணி கழுவிக்கிட்டுப் போயிரும், இரும்பு மட்டும் தங்கிரும். அதனாலதான் சிவப்பு.

செவலைத் தோண்டினா முதல் ஒண்ணு ஒண்ணரை அடி நல்ல மண். அதில்தான் வேர், மண்புழு, மக்கு எல்லாம். அதுக்குக் கீழே சரள். அதாவது பாதி மண்ணாகி, பாதி கல்லாவே நிற்கிற பருவம். அதுக்கும் கீழே பாறை. சரள் என்பது நாளைய மண். அதைக் காண்டிராக்டர் கிராவல் என்கிறார், ரோட்டுக்கு அடிக்கிறார்.

மூன்றாவது பாட்டில்: ஆற்று மணல்

குற்றாலத்துப் பேரருவியில் பொங்குமாங்கடல் பார்த்திருக்கீங்க. மேலே இருந்து விழுகிற தண்ணி நேரே கீழே வராம அந்தப் பாறைக் குழியில் விழுந்து, பொங்கித்தான் வெளியே வருது. தண்ணியோடு வருகிற கல்லே பாறையை அரைக்கும். ஆட்டுக்கல்லில் மாவு அரைபடுகிற மாதிரி கல்லும் கல்லும் அரைபடும்.

அங்கே இருந்து சிற்றாறு இறங்கி, தென்காசி வழியா கிழக்கே போய் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேருது. வழியெல்லாம் தண்ணி ஒரு சல்லடை மாதிரி வேலை பார்க்குது. வேகம் இருக்கிற இடத்தில் பெரிய கல்லைப் போடும். கொஞ்சம் வேகம் குறைஞ்சா கூழாங்கல், அப்புறம் பருமணல், அதுக்கும் கீழே குறுமணல். களிமண்ணை மட்டும் கலங்கலாத் தூக்கிக்கிட்டு வெகுதூரம் போகும்.

இந்த மணல் ஆற்றில் சும்மா கிடக்குன்னு நினைக்காதீங்க. மணலுக்கும் மணலுக்கும் இடையில் இடம் இருக்கு. மொத்தக் கொள்ளளவில் மூணில் ஒரு பங்கு அளவுக்கு வெற்றிடம். அதில்தான் தண்ணி ஒளிஞ்சிருக்கும். வெயில் குடிக்க முடியாது, மோட்டாரால் ஒரே நாளில் இறைக்கவும் முடியாது. சித்திரையில் ஆறு வறண்டு கிடக்கும்போது நம்ம ஊற்றுக் கிணற்றில் தண்ணி கிடந்தா, அது மணல் காத்துக் கொடுத்த தண்ணி. மணலை அள்ளினா ஆற்றின் தரை இறங்குது. தரை இறங்கினா கால்வாய்த் தலைமடை மேலே அந்தரத்தில் நிற்கும். ஆற்றில் தண்ணி போகும், கால்வாயில் ஏறாது. கரையோரக் கிணறும் ஆற்றோடு சேர்ந்து இறங்கிப் போயிரும்.

"அள்ளினா என்ன, அடுத்த வெள்ளத்தில் வந்துருமே"ன்னு சொல்லுதாங்க. எங்கே இருந்து வரும்? குண்டாற்றில் அணை, அனுமன்நதியில் அடவிநயினார் அணை. அணை நமக்கு வேணும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனா அந்த ஆறுகளில் மலையில் இருந்து உருண்டு வருகிற பருமணல் அணைக்குள்ளேயே தங்கிருது. கீழே வருவது முன்னைவிடக் குறைவு. வரவு குறைஞ்ச வீட்டில் செலவைக் கூட்டலாமா?

நான்காவது பாட்டில்: கரம்பை

ஆறும் ஓடையும் கலங்கலாத் தூக்கி வந்த களிமண் எங்கே இறங்கும்? தண்ணி அசையாம நிற்கிற இடத்தில். அதுதான் குளம். மணல் குளத்தின் வாய்க்காலிலேயே விழுந்திரும். நுணுங்கின மண் உள்வாய் முழுக்கப் பரவி, மெல்ல இறங்கிப் படியும். காட்டுச் சருகு, ஆட்டுப் புழுக்கை, மாட்டுச் சாணி எல்லாம் மழையில் அடிச்சு அதோடு வரும். அதனாலதான் கரம்பை கறுப்பா, வழவழன்னு, காய்ஞ்சா பாளம் பாளமா வெடிக்குது.

கோடையில் குளம் வற்றினதும் வண்டி கட்டிக் கரம்பை அடிச்சது நம்ம பாட்டன் காலத்துப் பழக்கம். குளமும் ஆழமாகும், வயலும் கொழுக்கும். செவக்காட்டில் கரம்பை போட்டா ஈரம் நிற்கும். ஆனா அதுக்கு ஒரு அளவு வச்சிருந்தாங்க. கரம்பை தீர்ந்து அடிமண் தெரிஞ்சதும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கிட்டு வந்துருவாங்க. ஏன்? குளத்தின் அடியில் இருக்கிற களிதான் தண்ணியைக் கீழே விடாமப் பிடிச்சு வச்சிருக்கு. அதை உடைச்சுச் சரள் வரைக்கும் போனா குளம் ஓட்டைப் பானை ஆகிரும். மடை மட்டத்துக்குக் கீழே இருபதடிப் பள்ளம் தோண்டினா, அதில் நிற்கிற தண்ணி மடைக்கு ஏறாது, வயலுக்கு வராது. மேய்கிற மாடும் குளிக்கப் போகிற பிள்ளையும் விழுந்து சாகத்தான் அந்தப் பள்ளம். கரையை ஒட்டித் தோண்டினா கரையே பலமிழந்து போகும்.

ஐந்தாவது பாட்டில்: கரிசல்

இது சங்கரன்கோவிலைத் தாண்டி, குருவிகுளம், திருவேங்கடம் பக்கத்து மண். வந்திருக்கிற தோழர்கள் கொண்டு வந்து கொடுத்தது. மகாராஷ்டிரத்துக் கரிசல் எரிமலைக் குழம்பு உறைஞ்ச பாறையில் பிறந்தது. நம்ம பக்கம் அந்தப் பாறை கிடையாது. மழை குறைச்சல், தரை சமதளம், தண்ணி கழுவிக்கிட்டு ஓடாம அங்கேயே நின்று காயும். சுண்ணாம்பும் மற்ற சத்தும் வெளியேறாமத் தங்கினதால் வேறு வகைக் களி உண்டாச்சு. தண்ணி பட்டா ஊதும், காய்ஞ்சா ஆள் கால் போகிற அளவுக்கு வெடிக்கும். வெடிப்பு வழியா மேல்மண் உள்ளே விழுந்து, தன்னைத்தானே உழுதுக்கிடும். செவலில் இருந்து கரிசலுக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். மழையும் சரிவும் மாறினதும் மண்ணே மாறிப் போச்சு பாருங்க.

இன்னும் கிழக்கே, தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளம், குதிரைமொழி பக்கம் தேரிக்காடு இருக்கு. அது காற்று கொண்டுவந்து குவிச்ச மணல். மணல் மேல் இரும்புத் துரு பூசினதால் சிவப்பு. வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போன நம்ம பையன்மாரைக் கேளுங்க. கண்ணுக்கெட்டுகிற தூரம் மணல். ஆனா காற்றில் உருண்டு மழுங்கி நுணுங்கின அந்தப் பாலைவன மணல் காங்கிரீட்டுக்கு ஆகாது. முனை மழுங்காத ஆற்று மணல்தான் சிமெண்டைப் பிடிக்கும். அதனாலதான் உலகம் முழுக்க ஆற்றின் மேல் கண். வருசத்துக்கு 5000 கோடி டன் மணலும் சரளையும் உலகத்தில் செலவாகுதுன்னு ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பே 2022ல் சொல்லியிருக்கு.

ஒரு கணக்குப் போடுவோம்

தோழர்களே, இப்போ கணக்கு. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு, 2015ஐ உலக மண் ஆண்டாகக் கடைப்பிடிச்சப்போ ஒரு விவரம் சொன்னது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண், அதாவது சுமார் ஒரு அங்குலம் உண்டாக 1000 வருசம் வரை ஆகுமாம்.

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் ஒரு அங்குலம் என்பது 3,630 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட். மூணு யூனிட் டிப்பரில் பன்னிரண்டு லோடு. அதாவது பன்னிரண்டு லோடு போனா ஒரு ஏக்கரில் ஆயிரம் வருசம் போயிருச்சுன்னு அர்த்தம். ஒரு ராத்திரியில் எத்தனை லோடு போகுதுன்னு நம்ம ஊர்ப் பிள்ளைகள் எண்ணி வச்சிருக்காங்க. நீங்களே பெருக்கிப் பார்த்துக்கிடுங்க.

நானும் செய்த தப்பு

மற்றவனைக் குறை சொல்லுமுன்னால் என் தப்பைச் சொல்லிருதேன். 1997ல் எனக்குக் கிணறு வெட்டின கடன். வாய்க்காலை விட உயரமா அரை ஏக்கர் மேட்டு வயல் கிடந்தது. செங்கல் சூளைக்கு மண் பிடிக்கிற புரோக்கர் வந்தார். "ரெண்டடி எடுத்தா உங்களுக்கும் தண்ணி ஏறும், கையில ரூவாயும் வரும்"னார். எங்க ஐயா, "வேண்டாம்டா, மேல்மண்ணு போனா காடு செத்துரும்"னு சொன்னாரு. நான் கேட்கலை. ரெண்டு வாரத்தில் வேலை முடிஞ்சது. இப்போ சொன்ன கணக்குப்படி அரை ஏக்கரில் ரெண்டடி என்பது 145 லோடு.

தண்ணி ஏறினது உண்மை. ஆனா ஏறி என்ன? அடியில் சரள். நெல் போட்டேன், மஞ்சளா நின்னுது. கடலை போட்டேன், விழுது இறங்கலை. கடன் அடைஞ்சது, காடு செத்தது. அப்புறம் வருசா வருசம் கிடை போட்டு, கொழுஞ்சி விதைச்சு மடக்கி உழுது, கரம்பை அடிச்சு, பன்னிரண்டு வருசம் கழிச்சுத்தான் ஏதோ ஒரு வெள்ளாமை கண்டேன். இன்றைக்கும் அந்த அரை ஏக்கரில் பயிர் ஒரு சாண் குட்டைதான். எங்க ஐயா இறக்கிற வரைக்கும் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கலை. அந்த வயல் வரப்பில் மட்டும் நடக்க மாட்டாரு. அதனால சொல்லுதேன், அவசரத்துக்கு மண்ணை விற்கிறவரை நான் திட்ட மாட்டேன். அவருக்குக் கடன் கொடுக்க ஒரு வழி செய்யாத நிலைமையைத்தான் திட்டுவேன்.

சட்டம் என்ன சொல்லுது?

வெறும் ஆத்திரத்தில் பேசவில்லை. நீதிமன்றமே சொல்லியிருக்கு. ஐயா இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டு தடை போட்டது. அதே மதுரைக் கிளை 2021ல் இன்னொரு முக்கியமான உத்தரவு போட்டது. "சவுடு" போன்ற பேச்சுவழக்குப் பேரை வச்சு அனுமதி கொடுக்கக் கூடாது, அந்த மண்ணில் என்னென்ன கனிமம் இருக்குன்னு பரிசோதிச்ச பிறகுதான் கொடுக்கணும் என்றது. ஏன்? சவுடுன்னு சீட்டு வாங்கி மணலை அள்ளினாங்க. நம்ம குளத்தில் வண்டல்னு சீட்டு வாங்கிச் சரளை அள்ளுதாங்க. பேரு மாறிச்சு, கதை ஒண்ணுதான்.

விவசாயிக்குக் கட்டணமில்லாம வண்டல் அள்ளிக்கிட உரிமை உண்டு. தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று 2024ல் எளிதாக்கினார்கள். வரவேற்கிறோம். அந்த உரிமை நம்ம பேரில் இருக்கு. லாபம் வேறு ஆள் கையில் இருக்கு. அதைத்தான் எதிர்க்கிறோம்.

"அப்போ வீடு கட்ட வேண்டாமா?"ன்னு கேட்பாங்க. கட்டணும். நம்ம பிள்ளைகளும் டிப்பர் ஓட்டித்தான் பிழைக்காங்க, அவங்க மேல் நமக்குப் பகை இல்லை. ஆற்று மணலுக்குப் பதிலா எம்-சாண்ட் வந்தது. ஆனா அது வானத்தில் இருந்து வரலை. மலையை நேரடியா உடைச்சு அரைக்கிறது. நம்ம பாறையை உடைச்சு, புளியரை வழியா மலைக்கு அந்தப் பக்கம் லோடு லோடா அனுப்பினா, நம்ம பக்கம் மிஞ்சுவது குழி மட்டும்தான். எவ்வளவு, எந்த ஆழம், எந்த ஊருக்கு என்பதுக்கு ஒரு கணக்கு வேணுமா வேண்டாமா?

நீங்களே சோதிச்சுப் பாருங்க

இப்போ அந்த அதிகாரி கேட்ட கேள்விக்கு வாரேன். எப்படித் தெரியும்? இந்தா, இப்படித்தான். வண்டியில் இருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, தண்ணி விட்டுப் பிசைஞ்சு, உள்ளங்கையில் உருட்டுங்க. உருண்டை பிடிக்காம உதிர்ந்தா அது மணல். உருண்டை பிடிச்சு, கயிறு திரிக்கும்போது அறுந்தா அது செவல் மாதிரிக் கலப்பு மண். கயிறு மாதிரி நீளமாத் திரிஞ்சா அது களி, கரம்பை.

இன்னும் சந்தேகமா? ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூணில் ஒரு பங்கு மண், மேலே தண்ணி. நல்லாக் குலுக்கி வையுங்க. ஒரு நிமிசத்துக்குள் அடியில் இறங்குவது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன் மேல் படிவது நுண்மண். ஒரு நாளானாலும் தெளியாமக் கலங்கி நிற்பது களி. களித்துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐநூறில் ஒரு பங்குதான், அதனால லேசில் இறங்காது. நேற்றுக் காலையில் குலுக்கி வச்ச இரண்டு பாட்டிலைப் பாருங்க. நாலாவது பாட்டிலில், நம்ம குளத்துக் கரம்பை, இன்னும் கலங்கல் தெளியலை. அந்த லாரியில் இருந்து எடுத்து வச்ச மண்ணை இந்தச் சின்னப் பாட்டிலில் போட்டேன். அடியில் முக்கால் பங்கு மணலும் சரளும், மேலே தண்ணி தெளிஞ்சு நிற்குது. இதுக்கு ஜியாலஜி படிக்கணுமா? அஞ்சாங்கிளாஸ் பிள்ளை சொல்லிரும்!

நம் கோரிக்கைகள்

1. வண்டல் அனுமதி தருகிற ஒவ்வொரு குளத்திலும், மண்ணைப் பரிசோதித்து, எவ்வளவு ஆழம் வரை கரம்பை இருக்கிறது என்று அளந்து, எல்லைக்கல் நட வேண்டும். அதற்குக் கீழே ஒரு கூடை கூட எடுக்கக் கூடாது.

2. யார் பேரில், எந்தச் சர்வே எண் வயலுக்கு, எத்தனை யூனிட் என்ற பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் எழுதி ஒட்ட வேண்டும். முதல் உரிமை அந்தக் குளத்து ஆயக்கட்டு விவசாயிக்கு.

3. காலை ஆறு மணிக்கு முன்பும் மாலை ஆறு மணிக்குப் பின்பும் மண் வண்டி ஓடக் கூடாது. குளத்துக்குள் டிராக்டர் மட்டும் போதும்.

4. சிற்றாற்றிலும் அதன் ஓடைகளிலும் மணல் திருட்டைத் தடுக்க, விவசாயிகளும் உள்ள கண்காணிப்புக் குழு வேண்டும்.

5. கல் குவாரிகளின் ஆழத்தை அளந்து கணக்கை வெளியிட வேண்டும். புளியரையில் ஒவ்வொரு கனிம லோடையும் எடை போட வேண்டும்.

6. மேல்மண்ணை விற்கிற நிலைக்குச் சிறு விவசாயி தள்ளப்படாமல் இருக்க, கூட்டுறவுக் கடனைத் தட்டிக் கழிக்காமல் உரிய காலத்தில் வழங்க வேண்டும்.

விவசாயப் பெருமக்களே! வீட்டுக்குப் போனதும் ஆளுக்கு ஒரு பாட்டில் எடுங்க. உங்க காட்டு மண்ணை ஒண்ணில், உங்க குளத்து மண்ணை ஒண்ணில் குலுக்கி வையுங்க. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்க. எந்த ஊரில் வண்டி பிடிபட்டாலும் ஒரு பிடி மண்ணை எடுத்து வச்சிட்டு சங்கத்துக்குத் தகவல் சொல்லுங்க. அடுத்த மாசம் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்துக்கு வெறுங்கையோடு போகப் போவதில்லை. ஊருக்கு ஒரு பாட்டிலோடு போவோம். மேசை மேல் வரிசையா வைப்போம். "இதில் எது வண்டல், காட்டுங்க ஐயா" என்று நாம் கேட்போம்.

பன்னிரண்டு லோடில் ஆயிரம் வருசத்தைப் பறிகொடுக்க மாட்டோம்!
குளத்துக் கரம்பை குடியானவனுக்கே!
சிற்றாற்று மணல் சிற்றாற்றுக்கே!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!